வீட்டுக் கணினியில் நிர்வாகி யார்?

ஆய்வேட்டின் இறுதி இயலை எழுதிக்கொண்டிருக்கும் முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் எத்தனை பயனர் கணக்குகள் உள்ளன என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அமைப்புகள் பக்கத்தில் அந்தக் கணக்கின் பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற சொல் சிறிய எழுத்தில் காணப்படும். கணினி வாங்கிய நாளில் கடையிலேயே உருவாக்கிக் கொடுக்கப்பட்ட கணக்கு அது. களப்பணியில் பதிவுசெய்த நேர்காணல்கள், புள்ளியியல் அட்டவணைகள், நெறியாளரின் திருத்தங்கள், தம்பியின் விளையாட்டு, தந்தையின் வருமான வரிக் கணக்கு ஆகிய அனைத்தும் அந்த ஒரே கணக்கில்தான் புழங்குகின்றன. அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், ‘கணினியின் சொந்தக்காரர்’ என்ற விடை தயக்கமின்றி வரும். அந்த விடையிலிருந்துதான் பல இழப்புகள் தொடங்குகின்றன.

‘நிர்வாகி’ என்ற சொல் இந்தியச் செவிகளில் பதவியாகவே ஒலிக்கிறது. பதிவாளர், துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர் என்ற வரிசையில் வைத்து அதை எண்ணுவது இயல்பு. பதவி கையில் இருப்பது நல்லதுதானே, அதை எதற்காகத் துறக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. கணினிக்குள் அச்சொல் குறிப்பது வேறொன்றை. ஒருவர் உள்நுழையும்போது இயங்குதளம் அவர் பெயரில் ஓர் அனுமதிச் சீட்டை உருவாக்குகிறது. விண்டோஸின் வழக்கில் அதற்கு ‘ஆக்சஸ் டோக்கன்’ என்று பெயர். அவர் யார், எந்தக் குழுக்களில் உறுப்பினர், என்னென்ன சிறப்புரிமைகளை உடையவர் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். அதன்பின் அவர் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அச்சீட்டின் படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுகிறது. உலாவி, சொற்செயலி, மின்னஞ்சலில் வந்த இணைப்பு, நண்பரின் பென் டிரைவிலிருந்து திறந்த கோப்பு என எதுவும் இதற்கு விலக்கன்று. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திருத்தவோ அழிக்கவோ முற்படும்போது இயங்குதளம் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவரின் நோக்கம் அதற்குத் தெரியாது. சிறப்புரிமை மனிதருக்கு வழங்கப்படுவதாகத் தோன்றினாலும் அதைச் செலவிடுவன அவர் பெயரால் ஓடும் நிரல்களே. தாம் எழுதாத, தம்மால் படித்தறிய இயலாத நிரல்களுக்கெல்லாம் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பவரை எவரும் அதிகாரம் மிக்கவர் என்று சொல்லமாட்டார்கள்.

நிர்வாகியின் பெயரால் முழு உரிமையுடன் ஓடும் நிரல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை அறிந்துகொள்வது நல்லது. இயங்குதளத்தின் கோப்புகள் உள்ள அடைவுகளில் அது எழுதலாம். கணினி தொடங்கும்போதெல்லாம் தானே தொடங்குமாறு தன்னை ஒரு சேவையாகப் பதிந்துகொள்ளலாம். வன்பொருள் இயக்கிகளை நிறுவலாம். தீநிரல் தடுப்பானின் கண்ணிலிருந்து சில அடைவுகளை விலக்கி வைக்கலாம். புதிய கணக்குகளை ஆக்கலாம். அதே கணினியில் உள்ள பிற கணக்குகளின் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். சாதாரணப் பயனரின் பெயரால் ஓடும் நிரலுக்கு இவற்றுள் எதுவும் எளிதில் இயலாது. அது செய்யும் தீங்கு பெரும்பாலும் அந்த ஒரு கணக்கின் எல்லைக்குள் அடங்கும். அந்தக் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வழியுண்டு. நிர்வாகி நிலையில் புகுந்த தீநிரலை அகற்றிவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல, இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவதைத் தவிர நம்பத்தக்க வழி இல்லை.

இந்தப் பாகுபாடு புதிதன்று. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சூழலுக்காக வளர்ந்தது. அங்கே ‘ரூட்’ என்ற ஒரு கணக்குக்கு எல்லா உரிமையும் உண்டு. ஏனையோருக்குத் தத்தம் எல்லை உண்டு. ஆனால் சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டுமே. கடவுச்சொற்கள் இருக்கும் கோப்போ ரூட்டுக்கு உரியது. ரிச்சி கண்ட தீர்வு அழகானது: கடவுச்சொல்லை மாற்றும் அந்த ஒரு நிரலுக்கு மட்டும், அந்த ஒரு வேலை முடியும் வரை, ரூட்டின் உரிமையைக் கடனாகக் கொடுப்பது. அதற்கு 1979இல் காப்புரிமையும் வழங்கப்பட்டது. 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தச் சிந்தனைக்கு ஒரு நெறியின் வடிவம் கொடுத்தது: ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் பணியை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த உரிமையுடனேயே இயங்க வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் கணினிப் பாதுகாப்புப் பாடநூல்கள் இந்நெறியை விடாமல் பிடித்திருக்கின்றன.

வீட்டுக் கணினி வந்த வழி வேறு. ஒரு மேசை, ஒரு மனிதர், ஒரு வட்டு என்ற எண்ணத்தில் பிறந்த எம்.எஸ். டாஸில் பயனர் என்ற கருத்தே இல்லை. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கடவுச்சொல் கேட்கும் சாளரம் ஒன்று தோன்றும். அதை ‘கேன்சல்’ என்று அழுத்தி விலக்கிவிட்டு உள்ளே போய்விடலாம். முறையான பாதுகாப்பு அடித்தளம் 1993இல் டேவ் கட்லர் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி.யில் இருந்தது. 2001இல் எக்ஸ்.பி.யின் வழியாக அந்த அடித்தளம் வீடுகளுக்கு வந்தபோது, நிறுவும் நேரத்தில் ஆக்கப்படும் கணக்குகள் அனைத்தும் கடவுச்சொல் கூட இல்லாமல் நிர்வாகி நிலையிலேயே அமைந்தன. வலுவான பூட்டைக் கதவில் பொருத்திவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை இது. பழைய மென்பொருள்கள் தம் அமைப்புகளைத் தாம் நிறுவப்பட்ட அடைவுக்குள்ளேயே எழுதிப் பழகியிருந்தன. சாதாரணக் கணக்கில் அவை இயங்க மறுத்தன. விற்பனை கெடாதிருக்க எல்லோரையும் நிர்வாகியாக்குவது எளிய வழியாயிற்று. அன்று எடுத்த அந்த முடிவின் நிழல் இன்றைய விண்டோஸ் 11 வரை நீள்கிறது. புதிய கணினியில் முதலில் ஆக்கப்படும் கணக்கு இன்றும் நிர்வாகிக் கணக்குதான். வேறொன்றை ஆக்கிக்கொள்வது நல்லது என்று அந்த நேரத்தில் எவரும் பயனரிடம் சொல்வதில்லை.

2007இல் விஸ்டாவுடன் ஒரு திருத்தம் வந்தது. நிர்வாகி உள்நுழைந்தாலும் அவருடைய நிரல்களுக்குக் குறைக்கப்பட்ட சீட்டே கொடுக்கப்படும். முழு உரிமை தேவைப்படும்போது திரை மங்கி, அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று தோன்றும். கருத்தளவில் இது யுனிக்ஸின் பழைய நெறிக்குத் திரும்பிய முயற்சி. நடைமுறையில் அந்தப் பெட்டி அடிக்கடி தோன்றியதால் மக்கள் எரிச்சலுற்றனர். 2009இல் விண்டோஸ் 7 அதைக் குறைத்ததோடு, எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைப் பயனரே நகர்த்தி அமைக்கவும் வழிசெய்தது. பலர் அதை அடித்தட்டுக்கே இழுத்துவிட்டனர். இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு கவனிக்கப்படாமல் போகிறது. நிர்வாகிக் கணக்கில் அந்தப் பெட்டி ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொடுக்கை மட்டுமே கேட்கிறது. சாதாரணக் கணக்கிலோ நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தட்டச்சிடுமாறு கேட்கிறது. முன்னதை விரல் செய்கிறது. பின்னதைச் செய்ய மனம் ஒரு கணம் நின்றாக வேண்டும். ஒரே கணக்குக்குள் முழு உரிமையும் குறைந்த உரிமையும் அருகருகே இருக்கும் இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு எல்லையாகக் கருத இயலாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறது. இரண்டு தனித்தனிக் கணக்குகளுக்கு இடையே உள்ள கோடு அதைவிட உறுதியானது.

அந்த விரல் எங்கே பழகுகிறது என்பதைப் பேசாமல் இந்தியச் சூழலில் இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது. ஆய்வு மாணவர்களிடையே கைமாறும் பென் டிரைவ்களில் ‘ஆக்டிவேட்டர்’ என்ற பெயரில் ஒரு சிறு நிரல் இருக்கும். எஸ்.பி.எஸ்.எஸ்., ஆஃபீஸ், படத் தொகுப்பு மென்பொருள் போன்றவற்றின் உரிமப் பூட்டை உடைப்பது அதன் பணி. உடன் இருக்கும் குறிப்புக் கோப்பு எப்போதும் ஏறத்தாழ ஒரே மூன்று கட்டளைகளைச் சொல்லும்: இணையத்தைத் துண்டிக்கவும், தீநிரல் தடுப்பானை நிறுத்தவும், வலச்சொடுக்கி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்து, காவலரை அனுப்பிவிடுங்கள், நாயைக் கட்டுங்கள், பெட்டகச் சாவியைக் கொடுங்கள் என்று கேட்டால் எவரும் கொடுப்பதில்லை. அதே வேண்டுகோளைக் குறிப்புக் கோப்பு விடுத்தால் முதுகலை முடித்தவர்கள் வரிக்கு வரி கீழ்ப்படிகிறார்கள். அந்த நிரல் சொன்ன வேலையையும் செய்யும். சொல்லாத வேலை எதையேனும் செய்ததா என்பதை அறிய அவர்களிடம் கருவி இல்லை. இத்தகைய நிரல்கள் கடவுச்சொல் திருடும் தீநிரல்களுக்கு வழக்கமான வாகனங்கள். தானே மனமுவந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தட்டச்சிடுபவரை எந்தக் கணக்குப் பிரிவினையும் காக்காது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமை தண்டனைக்கு உரியதன்று. அதைத் தாண்டினால் படிநிலையாக நடவடிக்கை உண்டு. அந்த 10 என்ற எண்ணை எட்டுவதற்காக மாணவர்கள் சொற்களை மாற்றி மாற்றி எழுதி இரவெல்லாம் விழிக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வேட்டின் நான்காம் இயலில் உள்ள அட்டவணைகள் பூட்டு உடைத்த மென்பொருளில் விளைந்தவை என்பதை வழிகாட்டும் பேராசிரியரும் அறிவார், மாணவரும் அறிவார். பல வேளைகளில் பென் டிரைவைக் கொடுப்பவரே முன்னோடி ஆய்வாளர்தான். சட்ட மீறலை ஒருபுறம் வைத்துவிட்டாலும், தரவைப் பகுப்பாய்ந்த கருவியின் மெய்ம்மையே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது முடிவுகளின் மெய்ம்மையைப் பற்றி என்ன பேசுவது? ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய ஆர் மொழி, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப், எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் முகச்சாயலில் அமைந்த பி.எஸ்.பி.பி. ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன. வறுமையைக் காரணம் காட்டுவது புள்ளியியல் பகுப்பாய்வைப் பொறுத்தவரை இன்று செல்லாது. பழக்கத்தைக் காரணம் காட்டலாம், அது வேறு.

சாதாரணக் கணக்குக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுள் வலுவானது ஒன்று உண்டு. ஆய்வு மாணவர் அஞ்ச வேண்டியது இயங்குதளம் கெடுவதை அன்று. அதை அரை நாளில் மீண்டும் நிறுவிவிடலாம். ஈடுசெய்ய இயலாதவை ஆய்வேடும் நேர்காணல்களும். அவை அவருடைய சொந்தக் கணக்கிலேயே உள்ளன. அக்கணக்கின் பெயரால் ஓடும் தீநிரல், நிர்வாகி உரிமை இல்லாமலேயே அவற்றை அழிக்கலாம் அல்லது பணயம் வைக்கலாம். அவ்வாறாயின் சிறப்புரிமையைக் குறைப்பதால் என்ன பயன்? இவ்வாதத்தின் முதற்பகுதி முற்றிலும் உண்மை. கணக்கைச் சாதாரணமாக்கிவிட்டதாலேயே ஆய்வேடு காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுபவர் ஏமாறுவார்.

எனினும் வாதத்தின் முடிவு சரியன்று. ரான்சம்வேர் எனப்படும் பணயத் தீநிரல்கள் கோப்புகளைப் பூட்டுவதோடு நிற்பதில்லை. விண்டோஸ் பின்னணியில் சேர்த்துவைக்கும் முந்தைய நிலைப் படிகளையும் முதலில் தேடி அழிக்கின்றன. மீட்பதற்கு வழி இருந்தால் எவரும் பணம் தரமாட்டார்கள் அல்லவா. அந்தப் படிகளை அழிக்க நிர்வாகி உரிமை வேண்டும். அவ்வசதி இயக்கத்தில் இருந்து, தீநிரல் சாதாரணக் கணக்கில் சிக்கியிருந்தால், அப்படிகள் தப்பக்கூடும். மற்றொரு பயன் இதனினும் பெரிது. நிர்வாகிக் கணக்கு தனியாக இருந்தால், அதற்கு மட்டுமே எழுதும் உரிமை உள்ள அடைவொன்றில் வாரந்தோறும் ஆய்வேட்டின் படியை இட்டுவைக்கலாம். அன்றாடக் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அதைத் தொட இயலாது. கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்த வன்தட்டுக்கு இது மாற்றாகாது, இரண்டும் வேண்டும். காப்புப்படி வைக்காத கணினியில் நிர்வாகி உரிமையைப் பற்றி விவாதிப்பதே வீண் வேலை.

எல்லாத் தாக்குதலையும் இந்த ஏற்பாடு தடுக்கும் என்று பரப்புரை செய்வதும் தவறு. 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த வான்னாக்ரை, எவருடைய ‘ஆம்’ என்ற சொடுக்கையும் கேட்கவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாக வலையமைப்பில் நுழைந்து, நிர்வாகியினும் உயர்ந்த ‘சிஸ்டம்’ என்ற நிலையை நேராகப் பெற்றது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதை நிறுவியிருந்தவர்கள் தப்பினர். பூட்டு உடைத்த விண்டோஸை வைத்திருப்பவர்கள், பூட்டு திரும்ப விழுந்துவிடுமோ என்று அஞ்சிப் புதுப்பித்தலை நிறுத்தி வைக்கிறார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது.

இனி, ஆய்வேட்டைவிடவும் பொறுப்பு மிகுந்த ஒன்று: பிறர் நம்பிக்கையோடு சொன்னவை. புலம்பெயர் தொழிலாளரிடமும் வன்முறைக்கு ஆளான பெண்களிடமும் ஒடுக்கப்பட்ட குடியிருப்புகளிலும் எடுத்த நேர்காணல்களுக்கு முன், ‘உங்கள் பெயர் வெளியே தெரியாது’ என்று வாக்களித்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஒலிப்பதிவு அன்று மாலையே வீட்டுக் கணினிக்கு வருகிறது. அக்கணினி ஒருவருக்கு உரியதாக இருப்பது அரிது. தம்பி அதே கணக்கில் விளையாட்டு ஒன்றின் பூட்டை உடைக்கிறான். அந்த நொடியில் அவன் இயக்கும் நிரலுக்கும் அந்தப் பெண்ணின் குரலுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாதாரணக் கணக்கு இருந்தால் நிலை வேறு. ஒரு கணக்கின் ஆவண அடைவை மற்றொரு சாதாரணக் கணக்கு திறக்க இயலாது. தம்பியின் கணக்கில் நுழைந்த தீநிரல் அக்காளின் கோப்புகளைப் படிக்க முதலில் நிர்வாகியாக வேண்டும். ஒப்புதல் படிவத்தின் வாக்குறுதியைத் தொழில்நுட்ப அளவில் காப்பது இந்த எளிய சுவர்.

அந்தச் சுவரிலும் இந்திய வீடுகளுக்கே உரிய ஒரு விரிசல் உண்டு. விண்டோஸ் கெட்டால் சி வட்டை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவார்கள், ஆகவே முக்கியமானவற்றை டி வட்டில் வை என்பது கடைக்காரர்கள் கற்பித்த பாடம். நல்லெண்ணத்தில் பிறந்த பாடம்தான். ஆனால் இயல்பான அமைப்பில் கணக்குகளுக்கு இடையிலான தடுப்பு, சி வட்டில் உள்ள அவரவர் பயனர் அடைவுக்கே உரியது. டி வட்டில் புதிதாக ஆக்கப்படும் அடைவுகளை அக்கணினியின் எல்லாப் பயனர்களும் திறக்கலாம், திருத்தலாம். கணக்குகளைப் பிரித்துவிட்டு நேர்காணல்களை டி வட்டில் விட்டுவைப்பவர், அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நகைப்பெட்டியைத் திண்ணையில் வைத்தவராகிறார். அந்த அடைவின் அனுமதிகளைத் தனியே மாற்றியமைக்க வேண்டும்.

நிர்வாகியின் கடவுச்சொல் வீட்டில் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி தொழில்நுட்பத்தோடு முடிவதன்று. பல குடும்பங்களில் ஆய்வு செய்பவர் மகள்; ‘கணினி தெரிந்தவர்’ என்று கடவுச்சொல்லை வைத்திருப்பவர் அண்ணன். நிர்வாகி நினைத்தால் பிற கணக்கின் கடவுச்சொல்லை மாற்றலாம். அவர் பிறரின் அடைவைத் திறக்க முயன்றால், இப்போது உரிமை இல்லை, தொடர்ந்தால் நிலையான உரிமை கிடைக்கும் என்ற பொருளில் ஒரு பெட்டி தோன்றும். ‘கன்டினியூ’ என்று ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். ஆகவே வீட்டுக்குள் நிர்வாகியாக இருப்பவரிடமிருந்து எதையேனும் காக்க வேண்டுமானால் கணக்குப் பிரிவினை உதவாது. வெராகிரிப்ட் போன்ற மறையாக்கக் கருவியால் கோப்புகளைத் தனிக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியாக வேண்டும். அதுவும், அந்த நிர்வாகி கணினியில் உளவு நிரல் எதையும் நிறுவாத வரையில்தான் நிற்கும். கள ஆய்வு செய்யும் பெண் ஆய்வாளர்களுக்குத் தம் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் தம்மிடமே இருக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பது சிறு வேண்டுகோள் போலத் தோன்றும். தனக்கென ஓர் அறை கேட்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று அது.

கடைக்காரரின் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. புதிய கணினியில் முதல் கணக்கை ஆக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று கேட்கப்படுகிறது. வாங்குபவர் தயங்கினால், கடையில் உள்ளவர் அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வேலையை முடித்துவிடுவதுண்டு. அண்மைய கணினிகள் பலவற்றில் அந்த முதல் உள்நுழைவோடு வன்தட்டு தானாகவே மறையாக்கப்படுகிறது. அதை மீட்கும் 48 இலக்கத் திறவெண் அந்த மின்னஞ்சலுக்கு உரிய கணக்கில் சேமிக்கப்படுகிறது. தாய்ப்பலகையை மாற்றிய பிறகோ, சில வேளைகளில் ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகோ, கணினி அத்திறவெண்ணைக் கேட்கும். எந்த முகவரி என்பதே நினைவில் இல்லாத நிலையில், ஐந்தாண்டு உழைப்பு கண்ணெதிரே இருந்தும் எட்டாததாகிவிடும். கணினி வைத்திருப்போர் இன்றே பார்த்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டென்றால் அது இத்திறவெண்தான்.

பல்கலைக்கழகங்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. ஆய்வக்கூடக் கணினிகளில் மாணவர்கள் சாதாரணப் பயனர்களாக வைக்கப்படுகிறார்கள். ஏன் என்று சொல்லப்படுவதில்லை. நம்பாததால் கொடுக்கவில்லை என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அவமதிப்புக்கு ஈடாகத் தம் கணினியில் முழு நிர்வாகியாக அமர்கிறார்கள். சில துறைகளில் நேர்மாறான நிலை: எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல், அது எல்லோருக்கும் மனப்பாடம். 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற புழு, எளிய நிர்வாகிக் கடவுச்சொற்களை ஊகித்தும் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. முனைவர் பட்ட மாணவர்கள் அனைவருக்கும் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற இரண்டு மதிப்பலகுப் பாடத்தை மானியக் குழு 2019இல் கட்டாயமாக்கியது. மெய்யியலில் தொடங்கி மேற்கோள் அளவீடுகள் வரை ஆறு அலகுகள் அதில் உண்டு. திரட்டிய தரவை எந்தக் கணினியில், எந்தக் கணக்கில், எவ்வாறு காப்பது என்பதற்கு ஓர் அலகு கூட இல்லை. ஒரு மணி நேரச் செய்முறை வகுப்பு போதும்; அதற்கு வல்லுநர் எவரும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

செய்முறை கடினமானதன்று, வரிசை முக்கியம். முதலில் அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குச் சென்று புதிய கணக்கு ஒன்றை ஆக்கி, அதன் வகையை நிர்வாகி என்று மாற்ற வேண்டும். வலுவான கடவுச்சொல் இட்டு, அதில் ஒருமுறை உள்நுழைந்து, அது இயங்குவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்தப் புதிய கணக்கிலிருந்தபடியே பழைய கணக்கின் வகையை ‘ஸ்டாண்டர்ட்’ என்று தாழ்த்த வேண்டும். கோப்புகளை இடம்மாற்றும் வேலை இல்லை. அன்றாடக் கணக்கு முன்பிருந்தபடியே இருக்கும். புதிய நிர்வாகிக் கணக்கில் மின்னஞ்சலோ உலாவலோ வேண்டாம். முதல் வாரம் கடவுச்சொல் கேட்கும் பெட்டி அடிக்கடி வரும், பிறகு குறையும். ஆர் மொழியின் தொகுப்புகளைப் பொது இடத்தில் நிறுவ உரிமை இல்லாதபோது, சொந்த நூலகத்தில் நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும். எழுத்துருக்களையும் இப்போது ஒரு கணக்குக்கு மட்டும் நிறுவிக்கொள்ளலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துவோர், ரூட் கணக்கு தொடக்கத்திலேயே பூட்டப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கலிலிருந்து விடுபட்டதாக எண்ணுவதுண்டு. இணையத்தில் கண்ட ‘சூடோ’ கட்டளையை அப்படியே ஒட்டிக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், அவர்களும் அதே ‘ஆம்’ பெட்டியின் முன்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

நிர்வாகியின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்து அதை மாற்ற இயலாது. இந்த ஏற்பாட்டில் மெய்யான இடர் இதுவே. எனவே அதையும் 48 இலக்கத் திறவெண்ணையும் ஒரு தாளில் எழுதி, பட்டச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்புறையில் வைப்பது நல்லது. மடிக்கணினிப் பையில் வைக்கக்கூடாது. பை தொலைந்தால் தாளும் உடன் போய்விடும்.